ரெவின்யூ ஸ்டாம்ப்

தார்தேவ் ஸ்டுடியோவில் எனக்கு வேலை
வவுச்சர் எழுதுவது.
வயலின் பதினாறு, செல்லோ நான்கு,
டோலக் இரண்டு, ட்ரம்பெட் ஒன்று.
ஷிப்ட் ஒன்பதிலிருந்து ஒன்று வரை.
மணி அடித்தபின் வில்லை ஒரு தடவை இழுத்தாலும்
அரை ஷிப்ட் கூடும்.
யார் என்ன வாசித்தார்கள் என்று கேட்காதீர்கள்,
யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று தெரியும்.

தாராவியில் அவர் இசக்கிமுத்து.
யூனியன் அட்டையில் ஐ. முத்து.
போஸ்டரில், கீழே,
சோப்பு உறையில் விலை போடும் அளவு எழுத்தில்
முத்துராஜ்.
தயாரிப்பாளர் சோப்ராவுக்கு அந்த ராஜ் வேண்டியிருந்தது.

அவருடைய இந்தி டாக்ஸிக்குப் போதும்,
காதலுக்குப் போதாது.
மெட்டைப் பாடிக்காட்டச் சொல் வேண்டுமே,
வாய்க்கு வந்த தமிழைப் போடுவார்.
அன்று வந்தது இது:

*மூணாம் மாடிக்குத் தண்ணி ஏறலே, ஏறலே
மூணு நாளா வாளி காயுதே*

கைரானாக் கவிஞர் கண்ணை மூடிக் கேட்டார்.
வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.
"பொருள்?"
முத்து கொஞ்சம் யோசித்து,
"மேலே இருப்பது கீழே வரவில்லை,
கீழே இருப்பது மேலே போகவில்லை" என்றார்.
"ஆஹா" என்றார் கவிஞர்.
அரை மணியில் நிலா மாடி ஏற மறுத்தது,
ஒருத்தி மூன்று இரவாய் விளக்கோடு காத்திருந்தாள்.
நான் கேஷ்பாக்ஸைத் திறந்து தலையை உள்ளே வைத்துக்கொண்டு சிரித்தேன்.

எட்டு டேக் வீண்.
ஒன்பதாவதில் பாடகிக்குத் தும்மல் வந்து
அடக்கினாள்.
சரணத்தின் கடைசியில் அந்த நடுக்கம்
அப்படி வந்ததுதான்.
நாடு முழுக்க அதைப் பாவம் என்றது.
பாவம்.

மாலையில் நாலாயிரம் ரூபாய்.
கூடவே ஓர் ஆங்கிலத் தாள்:
இன்றும் இனியும், உலகெங்கும், எல்லா வடிவிலும்.
"என்னம்மா எழுதியிருக்கு?"
"வழக்கமானதுதான்" என்றேன்.
படிக்கவில்லை.
ஆறேகாலுக்கு எனக்கு பஸ்.
ஸ்டாம்பை நாக்கில் தடவி நான்தான் ஒட்டினேன்.
அதன்மேல் அவர் தமிழில் முழுப்பேரையும் எழுதினார்,
இசக்கி ஸ்டாம்பில்,
முத்து காகிதத்தில்.

பிறகு பதினோரு படங்கள். ஆறு வெளிவரவில்லை.
ஒன்றில் இடைவேளைக்கு முன் தியேட்டர் எரிந்தது,
அதை அவர் விமர்சனம் என்பார்.
ஊதுபத்தி விளம்பரம், பல்பொடி விளம்பரம்,
ஒரு கட்சிக்குத் தேர்தல் மெட்டு, அந்தக் கட்சி தோற்றது.
ஐம்பத்திரண்டு வயதில்
ஒரு சின்னப் பையனின் ரெக்கார்டிங்குக்கு
ஆர்மோனியம் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.
மறுபடியும் ஐ. முத்து.
ஆர்மோனியம் ஒன்று, ஷிப்ட் ஒன்று.

நூறு ரூபாய் கூடுதலாக எழுதினேன்.
என் பேனாவையே வாங்கி அடித்துவிட்டுச்
சரியான தொகையைப் போட்டார்.
பக்கத்தில் சுருக்கொப்பம்.
வேறொன்றும் சொல்லவில்லை.
டீ குடித்தீர்களா என்று நான் கேட்டதாக ஞாபகம்.

போன ஜூனில், சயான் ஆஸ்பத்திரியில்.
தண்டவாளத்தில் தண்ணீர் நின்றதால்
கடைசியாக வந்த ட்ரம்பெட் டிமெல்லோ
முழங்கால் வரை நனைந்திருந்தான்.
வாசிக்கவில்லை, கொண்டுவரவும் இல்லை.

இப்போது பரேலில் ஒரு மால்.
பழைய மில்லின் புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.
பேத்திக்கு ஷூ வாங்கப் போனேன்.
கூரையிலிருந்து அதே பாட்டு,
நெஞ்செலும்பில் இடிக்கும் புது டிரம்மோடு,
வேறு யாரோ பேரில்.
பெரிய திரையில் நீச்சல்குளம், பெண்கள்.
தும்மலை மட்டும் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

என் வாய் தானாக அசைந்தது,
தண்ணி ஏறலே, ஏறலே.
"என்ன பாஷை இது?" என்றாள் பேத்தி.
எஸ்கலேட்டர் மூன்றாம் மாடிக்கு
ஏறிக்கொண்டிருந்தது.
நாக்கின் நுனியில்
பசை.